அடுத்த நரேன் வேண்டாம்

திருவண்ணாமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு,



நீங்கள் ஒரு ஃபார்முலா கார் கட்டப் போகிறீர்கள் என்பதும், அதற்காக நோட்டீஸ் அடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நோட்டீஸ் என் லேத் பட்டறைக்கும் வந்தது. அடுத்த நரேன் கார்த்திகேயன் அண்ணாமலையார் மண்ணிலிருந்து வருவார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நன்கொடை தர எனக்குத் தயக்கம் இல்லை. அந்த ஒரு வரியை மட்டும் மாற்றச் சொல்கிறேன். காரணத்தைக் கடை வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இந்த மடல்.

நரேனை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1992-ல், 15 வயதில், ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று பேரில் ஒருவராக மேடையேறியவர். 1994-ல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். 1996-ல் ஃபார்முலா ஏசியா சாம்பியன். 2005-ல் மெல்போர்னில் ஜோர்டன் அணியின் காரில் உட்கார்ந்தபோது, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். நான் கேட்பது வேறு. 1992-ல் அந்தப் பையன் உட்கார்ந்த கார் எங்கிருந்து வந்தது?

கோயம்புத்தூரில் ஒரு பட்டறையிலிருந்து வந்தது. அதைக் கட்டியவர் எஸ். கரிவரதன். உங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எல்லோரும் அவரை 'கரி' என்றே சொல்வார்கள். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. சோழவரத்தில் அவரே பந்தயம் ஓட்டியவர், ஜெயித்தவர். ஆனாலும் அவரைப் பற்றிப் பேச வேண்டியது அவர் வாங்கிய கோப்பைகளுக்காக இல்லை.

சோழவரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷாவருஷம் பந்தயம் நடத்தியது. வைக்கோல் கட்டும் பழைய டயரும்தான் தடுப்பு. கூட்டமோ திருவிழாக் கூட்டம். ஆனால் டிராக்கில் இறங்கிய கார்களைப் பார்த்தால் நம் நாட்டின் ஏற்றத்தாழ்வு அப்படியே தெரியும். ஒரு பக்கம் ராஜா வீட்டுப் பிள்ளைகளும் தொழிலதிபர்களும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கார்கள். விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே இங்கே கொண்டுவந்து ஓட்டினார். மறுபக்கம் ஃபியட்டையும் ஹெரால்டையும் அறுத்து ஒட்டி, பேனட்டைக் கழற்றி எடையைக் குறைத்து, கையில் கிடைத்ததைப் பூட்டி ஓட்டியவர்கள். இரண்டும் ஒரே பந்தயத்தில் ஓடினால் யார் ஜெயிப்பார்கள் என்பதை வங்கிக் கணக்கே சொல்லிவிடும்.

கரி இதை மாற்றினார். 1983 கடைசியில் மாருதி 800 சாலைக்கு வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். அதன் உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் பூட்டுவான். இந்த எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, குழாய்களால் ஆன சேசிஸில், ஒற்றை இருக்கையும் வெளியே தெரியும் நான்கு சக்கரமுமாக ஒரு காரைக் கட்டினார். 1988-ல் அது பந்தயத்துக்கு வந்தது. அதிகாரப்பூர்வப் பெயர் ஃபிஸ்மி. மாருதி எஞ்சின் பூட்டிய இந்திய ஒற்றை இருக்கைக் கார் என்ற நீளமான ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. ஜனங்கள் ஃபார்முலா மாருதி என்றார்கள், அதுவே நிலைத்தது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1960-களிலேயே ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பாகங்களை வைத்து ஃபார்முலா வீ என்ற தொடரைத் தொடங்கிவிட்டார்கள். யோசனை புதிதில்லைதான். ஆனால் அந்த யோசனையை இங்கே கிடைக்கிற இரும்பிலும் இங்கே கிடைக்கிற எஞ்சினிலும் செய்து காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதைவிட முக்கியம், அவர் தனக்கென்று ஒரே ஒரு காரைக் கட்டிக்கொண்டு ஜெயித்துவிட்டுப் போகவில்லை. ஒரே மாதிரிக் கார்களை வரிசையாகக் கட்டி, தன்னை எதிர்த்து ஓட்டுகிறவர்களுக்கும் கொடுத்தார். ஜெயிக்கிறவன் செய்கிற காரியமா இது? பந்தயம் என்ற ஒன்று இங்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் மட்டுமே செய்வான்.

ஏன் கோயம்புத்தூரில் நடந்தது, சென்னையில் ஏன் நடக்கவில்லை என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மோட்டார் கிளப், டிராக், டயர் கம்பெனி எல்லாம் சென்னையில்தான் இருந்தன. ஆனால் வார்ப்படப் பட்டறையும், பம்புசெட்டும், ஜவுளி இயந்திரத்துக்கு உதிரி கடைகிற லேத்துகளும் கோவையில் தெருத்தெருவாக இருந்தன. படத்தைத் தரையில் கிறுக்கிக் காட்டினாலும் சாயங்காலத்துக்குள் பாகம் கையில் வந்துவிடுகிற ஊர் அது. கார் பந்தயம் பணக்காரர் விளையாட்டு என்பது உண்மை. அது கைத்தொழிலும்கூட என்பது, அந்த ஊரில் நடந்ததால்தான் நம் நாட்டுக்குத் தெரிந்தது.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. 3.7 கிலோமீட்டர் சுற்று. கிளப் தானே நிலம் வாங்கிக் கட்டியது. பக்கத்தில் ஹூண்டாய் தொழிற்சாலை வந்தது பிறகுதான். நம் மாவட்டத்துப் பையன்கள் எத்தனை பேர் அந்த நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிறார்கள்! அந்தத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில்தான் இந்தியாவின் ஒற்றை இருக்கைப் பந்தயம் வளர்ந்தது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. சோழவரம் முடிந்து இருங்காட்டுக்கோட்டை தொடங்கிய அந்த ஐந்தாறு வருஷங்களில் ஃபார்முலா மாருதிதான் இந்தியாவின் ஆரம்பப் பள்ளி. நரேன் அங்கே படித்தவர்.

1995 ஆகஸ்டில் ஒரு சிறு விமான விபத்தில் கரி இறந்துபோனார். நாற்பதைத் தாண்டிய வயதுதான். நரேன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியதை அவர் பார்க்கவில்லை.

அவர் போனதோடு எல்லாம் முடிந்திருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். ஓட்டுநர் ஒருவர் போனால் அவரோடு அவர் கை வேகமும் போய்விடும். பட்டறை அப்படிப் போகாது. கரியோடு பழகிய, அவர் காலத்தில் ஓட்டிய ஆட்கள் கோவையில் மிஞ்சினார்கள். உங்கள் பைக்கில் ஓடுகிற ரோலான் செயினைச் செய்யும் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் பி. விஜயகுமார், தானே பந்தயக்காரர். செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் டிராக் ஒன்றைக் கட்டி அதற்குக் கரியின் பெயரையே வைத்தார்: கரி மோட்டார் ஸ்பீட்வே. எல்ஜிபி ஃபார்முலா கார்கள், பிறகு ஃபார்முலா ரோலான் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்னொரு பந்தயக்காரரான ஜெ. ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடாவோடு சேர்ந்து 2018-ல் டியாகோவுக்கும் டிகோருக்கும் ஜேடிபி என்ற வேக வடிவங்களைக் கொண்டுவந்தது. டிராக்கில் கற்றது ஷோரூமுக்கு வந்து சேர்ந்த பாதையைக் கவனியுங்கள். சென்னையில் அக்பர் இப்ராகிம், ஓட்டுவதை நிறுத்திய பிறகு மெக்கோ என்ற அணியை நடத்திப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் மகன் அர்மான் ஃபார்முலா டூ வரை போனார்.

உங்கள் நோட்டீஸில் இந்தப் பெயர்களில் ஒன்றுகூட இல்லை.

அணி என்றால் என்ன என்பதில் உங்களுக்கே கொஞ்சம் குழப்பம் இருக்கிறது போலும். டிவியில் பார்ப்பதால் வருகிற குழப்பம். கேமரா ஹெல்மெட்டைத்தான் காட்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரைக் காட்டினால் போதும். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள், தேரின்மேல் சாமி இருக்கும். ஆனால் அந்தப் பெரிய தேர் மாட வீதி முனையில் திரும்புவதும், கடைக்காரன் கூரையில் மோதாமல் நிற்பதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற நாலைந்து ஆட்களின் கையில்தான் இருக்கிறது. அவர்களை யாரும் போட்டோ எடுப்பதில்லை. பந்தய அணியில் மெக்கானிக்கும் இன்ஜினியரும்தான் அந்த ஆட்கள். 

ஜூனியர் தொடர்களில் இந்த ஆட்களின் முக்கியத்துவம் இன்னும் கூடுதல். ஃபார்முலா ஒன்னில் ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே வடிவமைக்கும். கீழே உள்ள தொடர்களில் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே சேசிஸ், ஒரே எஞ்சின், ஒரே டயர். அப்படியானால் ஓட்டுகிறவன் மட்டும்தானே வித்தியாசம் என்று தோன்றும். இல்லை. டயர் சூடேறினால் உள்ளே காற்றழுத்தம் ஏறும். எந்த அழுத்தத்தில் பிடிப்பு அதிகமோ, அந்த அளவுக்கு எத்தனையாவது சுற்றில் வந்து சேர வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்பக் குளிர்ந்த டயரில் குறைவாகக் காற்றடிப்பார்கள். வெயில் ஏறினால் கணக்கு மாறும். சக்கரம் உள்பக்கம் எவ்வளவு சாய வேண்டும், முன்சக்கரங்களின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், முன்னால் எத்தனை மில்லிமீட்டர் உயரம், பின்னால் எத்தனை என்று ஒவ்வொன்றையும் மெக்கானிக் கையால் திருகி வைக்கிறான். வேகமான பையன் ஒருவனை மோசமான செட்டப்பில் உட்கார வைத்தால் அவன் நடுவரிசையில்தான் வருவான். நல்ல அணிகள் வருஷாவருஷம் ஓட்டுநர் மாறினாலும் ஜெயித்துக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். அவர்களிடம் பழைய நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன.

நரேனே இதற்குச் சாட்சி. ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த புள்ளிகள் எல்லாம் 2005 அமெரிக்க கிராண்ட் பிரியில் கிடைத்தவை. இண்டியானாபோலிஸ் டிராக்கின் சாய்வான வளைவை மிஷ்லின் டயர்கள் தாங்கவில்லை. அந்த டயரில் ஓடிய ஏழு அணிகள் பந்தயம் தொடங்குவதற்கு முன்பே 14 கார்களையும் பிட்டுக்குள் கொண்டுபோய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவது, 5 புள்ளி. அன்றைக்குப் பந்தயத்தின் தலைவிதியை எழுதியது ரப்பர்.

நரேன் 1998-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீக்குப் போனபோது சேர்ந்த அணி கார்லின். அப்போது அது தொடங்கி இரண்டே வருஷம் ஆன சின்ன அணி. அதன் நிறுவனர் டிரெவர் கார்லின் ஓட்டுநராகப் பேர் வாங்கியவர் இல்லை. 1999-ல் நரேன் அந்த அணிக்காகப் பிராண்ட்ஸ் ஹேட்ச்சில் இரண்டு பந்தயம் ஜெயித்தார். 2001-ல் ஜப்பானின் தகுமா சாட்டோ அதே அணியில் பிரிட்டிஷ் எஃப்3 சாம்பியன் ஆனார். 2009-ல் டேனியல் ரிக்கார்டோ. 2017-ல் ஐரோப்பிய எஃப்3 பட்டத்தை வென்ற லாண்டோ நோரிஸும் கார்லின் பையன்தான். வந்த பிள்ளைகள் மேலே போய்விட்டார்கள், அணி அங்கேயே நின்று அடுத்த பிள்ளைக்குப் பாகம் பூட்டியது. இப்போது கைமாறி ரோடின் என்ற பெயரில் ஓடுகிறது.

இத்தாலியில் விச்சென்சா பக்கம் க்ரிசிக்னானோ என்று ஒரு சின்ன ஊர். அங்கேதான் பிரேமா அணியின் பட்டறை. ஏஞ்சலோ ரோசின் 1983-ல் தொடங்கியது. லெக்லெர்க், மிக் ஷூமாக்கர், பியாஸ்ட்ரி மூவரும் அந்தப் பட்டறையின் கார்களில் ஃபார்முலா டூ பட்டம் வென்று மேலே போனவர்கள். பெரிய நகரத்தில் இருந்தால்தான் முடியும் என்று உங்கள் ஆசிரியர் யாராவது சொன்னால் இந்த ஊரின் பெயரைச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நான் எடுத்துக்காட்டாக நிறுத்த விரும்புகிற ஆள் பிரான்சைச் சேர்ந்த ஃபிரெடெரிக் வாசர். இன்ஜினியரிங் படித்து முடித்த கையோடு 1996-ல் ஏஎஸ்எம் என்ற ஜூனியர் அணியைத் தொடங்கினார். 2005-ல் லூயிஸ் ஹாமில்டன் அந்த அணியில் எஃப்3 ஐரோப்பியத் தொடரை வென்றார். மறுவருஷம் வாசரின் ஏஆர்டி அணியில் ஜிபி2 பட்டம். 2023-ல் வாசர் ஃபெராரியின் ஃபார்முலா ஒன் அணித் தலைவர் ஆனார். 2025-ல் ஏழு முறை உலக சாம்பியனான அதே ஹாமில்டன் அவரிடம் வந்து மறுபடி சேர்ந்தார். ஓட்டுநர்கள் மாலை போட்டுக்கொள்ளும் உலகத்தில், இன்ஜினியரிங் சர்டிபிகேட்டோடு உள்ளே நுழைந்து ஃபெராரியின் நாற்காலி வரை போக ஒரு வழி இருக்கிறது.

இனிப் பணம். இதைப் பற்றிப் பேசாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறவன் ஆவேன்.

கரி மில் வீட்டுப் பிள்ளை. நரேனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி சாம்பியன். கருண் சந்தோக்கின் தாத்தா இந்து சந்தோக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிறுவனர்களில் ஒருவர், அப்பா விக்கியும் ஓட்டியவர். நம் நாட்டிலிருந்து ஃபார்முலா ஒன் வரை போன இருவரும் ஹெல்மெட் தொங்குகிற வீட்டில் பிறந்தவர்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. கருண் 2007-ல் ஸ்பா டிராக்கில் ஜிபி2 பந்தயம் ஜெயித்ததற்கு அப்பாவின் பணம் போதாது, கை வேண்டும். ஆனால் அந்த இடம் வரை போய்ச் சேர்வதற்கே பணம் வேண்டும். கார்ட்டிங்கில் தொடங்கி ஐரோப்பாவில் ஒரு சீசன் ஓட்டுவதற்குள் கோடிகள் கரையும். ஸ்பான்சர் இல்லாமல் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்த நல்ல ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். ஓட்டுநர் சீட் என்பது பெரும்பாலும் விலைக்கு விற்கப்படுவது. போளூரிலிருந்தோ செங்கத்திலிருந்தோ வருகிற ஒரு பையனுக்கு அந்த விலையைச் சொல்லாமல், அடுத்த நரேன் நீதான் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே பையன் நன்றாக வெல்டிங் வைப்பவனாக இருந்தால், டேட்டாவைப் படிக்கத் தெரிந்தவனாக இருந்தால், அவனுக்கு அணிகள் சம்பளம் கொடுக்கும். ஓட்டுநர் பணம் கொடுத்து உள்ளே வருகிற இடத்தில் மெக்கானிக் பணம் வாங்கிக்கொண்டு வருகிறான்.

தல ரசிகர்கள் கோபப்படுவீர்கள். அஜித் குமாரைச் சொல்லாமல் எப்படி என்பீர்கள். 2002-ல் ஃபார்முலா மாருதி, 2003-ல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஏசியா, 2010-ல் ஃபார்முலா டூ என்று சினிமாவை நிறுத்திவைத்துவிட்டு ஓட்டியவர். அவர் முதலில் உட்கார்ந்த ஒற்றை இருக்கைக் காரும் மாருதி எஞ்சின் பூட்டியதுதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சினிமாவுக்கு வருமுன் என்ஃபீல்டில் மெக்கானிக் பயிற்சியில் இருந்தவர் அவர். இன்று தன் பெயரில் அணி வைத்திருக்கிறார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அந்த அணி தன் பிரிவில் மூன்றாவது வந்தபோது, நம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனர் வைக்காத குறைதான். அந்த 24 மணி நேரமும் தூங்காமல் நின்ற மெக்கானிக்குகளுக்கும் சேர்த்துக் கை தட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கில் பந்தயம் நடந்ததே, உங்களில் பலர் போய்ப் பார்த்தீர்கள். முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது அது. ஊருக்குள் 3.5 கிலோமீட்டர் சுற்று, 19 வளைவு. சென்னை டர்போ ரைடர்ஸ் என்று நம் பெயரில் ஓர் அணி. பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் அதில் ஓடிய எஃப்4 கார்கள் பிரான்சின் மிகால் நிறுவனத்தின் சேசிஸ், ஆல்பைன் எஞ்சின். 1988-ல் நாம் கட்டிய காரில் நம் பிள்ளைகள் ஓட்டினார்கள். 2024-ல் வரவழைத்த காரில் ஓட்டினார்கள். இதற்கு நியாயமும் இருக்கிறது: இன்றைய எஃப்4 விதிகள் கார்பன் ஃபைபர் கூடு, மோதல் சோதனை, தலைக்குமேல் ஹாலோ வளையம் என்று கேட்கின்றன, அதை ஒரு பட்டறையில் செய்துவிட முடியாது. உயிர் முக்கியம். 2023-ல் மட்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மூத்த கார் ஓட்டுநரும், 13 வயது பைக் ஓட்டுநர் ஒருவனும் இறந்தார்கள், அதுவும் எல்லாப் பாதுகாப்போடும் ஓட்டி. அதனால் பைபாஸில் ராத்திரி சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கிற உங்கள் நண்பர்களிடம் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, நீங்களே சொல்லுங்கள். 

இருந்தாலும், கட்டுகிற கை நம்மிடமிருந்து நழுவிப்போனது எனக்கு வருத்தம்தான். கல்லூரி மாணவர்களின் ஃபார்முலா போட்டியை நான் பெரிதாக நினைப்பது இதனால்தான். இப்போது நம் நாட்டில் ஒற்றை இருக்கைக் காரைத் தலை முதல் கால் வரை தாங்களே வரைந்து, வெட்டி, ஒட்டி ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். அந்தப் போட்டி, ஃபார்முலா பாரத், எங்கே நடக்கிறது என்று பார்த்தீர்களா? கரி மோட்டார் ஸ்பீட்வேயில். நீங்கள் போய் நிற்கப் போகிற டிராக்கின் வாசலில் அவர் பெயர்தான் இருக்கும். நரேன் பெயர் போட்ட நோட்டீஸோடு அங்கே போகாதீர்கள்.

விதிப் புத்தகத்தை முழுக்கப் படித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஆனால் உங்கள் நோட்டீஸில் எஞ்சின் சக்தியைப் பற்றி மட்டுமே எழுதியிருப்பதால் சந்தேகம் வருகிறது. பெட்ரோல் எஞ்சினுக்குப் போகிற மொத்தக் காற்றும் 20 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் போக வேண்டும். கேடிஎம் எஞ்சின் போட்டாலும் வேறு எது போட்டாலும் அந்தத் துளை உங்களை அடக்கிவிடும். ஆக, குதிரைத்திறனில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள், எடையில் பாருங்கள். அதற்கும் முன்னால் சோதனையில் தேறப் பாருங்கள். காரை 60 டிகிரிக்குச் சாய்ப்பார்கள், ஒரு சொட்டு எண்ணெயோ பெட்ரோலோ ஒழுகக் கூடாது. பிரேக் அடித்தால் நான்கு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். இந்த இடத்திலேயே வருஷாவருஷம் எத்தனையோ அணிகள் நின்றுவிடுகின்றன. கடைசியில் 22 கிலோமீட்டர் எண்டியூரன்ஸ். அதில் பாதியில் நிற்கிற கார்களில் பெரும்பாலானவை ஒரு ரூபாய் நட்டோ, ஒரு வயர் முனையோ கழன்று நின்றவை. பட்டறைக்காரன் கண்ணுக்கு அது முன்பே தெரியும், கம்ப்யூட்டரில் தெரியாது.

ஓட்டிப் பழக இடம் இல்லை என்று ஒரு தம்பி சொன்னார். போட்டியில் வரும் ஸ்கிட்பேட் என்பது எட்டு போல இரண்டு வட்டம்தான். உள்வட்டத்தின் விட்டம் 15.25 மீட்டர், பாதை அகலம் 3 மீட்டர், இரண்டு மையங்களுக்கும் இடையே 18.25 மீட்டர். கல்லூரி பஸ் நிறுத்துகிற சிமெண்டுத் தளத்தில் சுண்ணாம்புப் பொடியால் போட்டுவிடலாம், ஞாயிற்றுக்கிழமை பிரின்சிபாலிடம் அனுமதி வாங்கினால் போதும். வெளிவட்டச் சாலையில் ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை அணியிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் மாவட்டத்திலேயே, செய்யாறு சிப்காட்டில், மகிந்திராவின் சோதனை ஓடுதளம் 454 ஏக்கரில் இருக்கிறது. அதற்குள் உங்களை விடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கார் சோதிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் இன்ஜினியர்கள் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறார்கள். ஒருவரைக் கூப்பிட்டு உங்கள் சஸ்பென்ஷன் படத்தைக் காட்டுங்கள். பொன்னாடை போர்த்த ஆள் கூப்பிடுவதைவிட இது உருப்படியான வேலை.

இன்னொன்று. நோட்டீஸில் உள்ள அணிப் படத்தில் பெண்கள் இருவர், இருவருமே வரவேற்பு, விளம்பரப் பொறுப்பில். யார் தீர்மானித்தது? 2019-ல் இருங்காட்டுக்கோட்டையில் முடிந்த எம்ஆர்எஃப் சேலஞ்ச் தொடரை வென்றது ஜேமி சாட்விக் என்ற பெண். மிக் ஷூமாக்கர் போன்றவர்கள் ஓட்டிவிட்டுப் போன தொடர் அது. அம்மன் தேரைப் பெண்களே இழுக்கிற ஊரில் ஸ்பேனர் மட்டும் ஆண்பிள்ளை கையில்தான் இருக்க வேண்டுமா? அந்தத் தங்கைகளில் ஒருவர் என் பட்டறைக்கு வந்தபோது மைக்ரோமீட்டரை எப்படிப் பிடித்தார் என்று நான் பார்த்தேன். கூட வந்த மூன்று பேரும் பிடித்ததைவிடச் சரியாகப் பிடித்தார்.

அணியை ஒரு வருஷத்துக்காகத் தொடங்காதீர்கள். இறுதியாண்டு மாணவர்களே எல்லா வேலையையும் பிடித்துக்கொண்டு, மே மாதம் மார்க்ஷீட்டோடு போய்விட்டால், அடுத்த வருஷம் வருகிறவன் மறுபடி முதல் குழாயிலிருந்து வெட்டுவான். பல கல்லூரி அணிகள் இப்படித்தான் மூன்றாவது வருஷத்தில் காணாமல் போகின்றன. முதலாமாண்டுப் பிள்ளைகளை இப்போதே சேருங்கள். எந்த நட்டுக்கு எவ்வளவு டார்க், எந்த நாள் எந்த டயர் அழுத்தம், எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி அதைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். செல்போனில் எழுதாதீர்கள், செல்போன் உங்களோடு போய்விடும்.

நன்கொடை விஷயம். ரொக்கமாக என்னால் பெரிதாகத் தர முடியாது. ஆனால் அப்ரைட், ஹப் கடைகிற வேலை முழுவதும் என் லேத்தில் செய்துகொள்ளலாம், கூலி வேண்டாம். மெட்டீரியல் உங்களுடையது. ஒரு நிபந்தனை: படத்தை வரைந்தவரே மிஷினுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். படம் கொடுத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தால் வேலை நடக்காது. செங்கம் ரோட்டில் டிரெய்லர் அடிக்கிற நண்பர் ஒருவரிடமும் பேசியிருக்கிறேன். குழாய் வளைக்கிற மிஷின் அவரிடம் இருக்கிறது. ரோல் ஹூப் குழாய்க்கு ஆலைச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் பழைய இரும்புக்கடைக் குழாய் வேண்டாம், சென்னையிலிருந்து பில்லோடு வாங்கி வாருங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பௌர்ணமி அன்றும் தீபத் திருவிழாப் பத்து நாளும் மட்டும் வேண்டாம். தெருவுக்குள் வண்டி விட மாட்டார்கள், குழாயைத் தோளில்தான் சுமந்துவர வேண்டியிருக்கும்.

அன்புடன்,
ஒரு லேத் பட்டறைக்காரர்
திருவண்ணாமலை